தலையில்லாத நீண்ட கழுத்து

வீடு திரும்பிய துப்பறிவாளர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நகங்களில் பிளாஸ்டர் வெள்ளை. அருங்காட்சியகத்தில் புதைபடிவ எலும்புகளைச் சுத்தம் செய்பவள்.

"சார், பழங்காலக் கடல் பிராணியோட தலை காணோம். கழுத்தே பன்னிரண்டு அடி இருக்கும். நேத்து லீவு. காலையில வந்தா தலை இல்லை. பட்டறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அந்த எலும்பை ஆராய்ச்சி பண்ற ஆய்வாளர்கிட்ட. நான்தான் எடுத்தேன்னு சொல்றார். சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா பத்தொன்பது வருஷ வேலை போயிடும்."

"கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்தது. மனுஷன் கையில ஒரு லீவு நாள் தாங்கலை" என்று அலுத்துக்கொண்டே அவர் மறுபடி படியிறங்கினார். அவருடைய மச்சினன் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

அருங்காட்சியகப் பட்டறையின் மேசையில் கழுத்தெலும்புகள் வரிசையாகக் கிடந்தன. வரிசையின் முனையில் காலித் தட்டு. அலமாரியில், தோண்டிய இடத்திலேயே சாக்கும் பிளாஸ்டரும் சுற்றிக் கொண்டுவந்த பொதிகள் மண்படிந்து இருந்தன. பாதி பிரித்த ஒரு பொதிக்குள் பழைய காகிதம் தெரிந்தது.

"இது எதுக்கும்மா?"

"எலும்பு மேல ஈரக் காகிதம் போட்டுட்டுத்தான் பிளாஸ்டர் பூசணும் சார். இல்லைன்னா எலும்பைக் கவ்விக்கும்."

நாற்காலியில் இருந்த ஆய்வாளர் எரிந்து விழுந்தார். "நாளைக்கு நிபுணர்கள் வர்றாங்க, தலையைக் கழுத்தோட பொருத்திப் பார்க்க. இது ரெண்டும் ஒரே மிருகம்னு பதினோரு வருஷமா எழுதியிருக்கேன். நீங்க காகிதத்தை விசாரிக்கிறீங்க!"

துப்பறிவாளர் அலமாரிப் பக்கம் போனார். புறங்கையால் ஒவ்வொரு பொதியாகத் தொட்டுக்கொண்டே போனவர், ஐந்தாவதில் நின்றார்.

"மாப்ள, இதைத் தொடு."

"ஜில்லுன்னு இருக்கு அத்தான்!"

"மத்ததெல்லாம் காய்ஞ்சு வருஷமாச்சு. இது இன்னும் ஈரம். மேல மண்ணு மட்டும் பூசியிருக்கு."

அவள் அறுத்துப் பிரித்தாள். உள்ளே தலை இருந்தது. ஊசிப் பற்களுக்கிடையில் பிளாஸ்டர் இறுகிப் போயிருந்தது.

"பொதி கட்டத் தெரிஞ்சது இவங்களுக்குத்தானே?" மச்சினன் கிசுகிசுத்தான்.

"இவங்க கட்டியிருந்தா காகிதம் இருக்கும். பத்தொன்பது வருஷக் கை, தூக்கத்துலகூட மறக்காது. இது தோண்டுற இடத்துல இவங்க கட்டுறதைப் பக்கத்துல நாற்காலி போட்டுப் பார்த்தவர் கட்டினது. அவர் வர்றதுக்குள்ள காகிதம் வெச்சு முடிஞ்சிருக்கும். அவர் பார்த்ததெல்லாம் பிளாஸ்டர்தான்." துப்பறிவாளர் களைப்போடு ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "ஏன் சார்?"

அவள் முதல் கழுத்தெலும்பை எடுத்துத் தலையின் பின்பக்கம் வைத்தாள். எலும்பின் குழியில் தலையின் குமிழ் உட்காரவில்லை. திருப்பி வைத்தும் உட்காரவில்லை.

"போன வாரம் நீங்க சுத்தம் பண்ணி வெச்சப்பவே அளந்துட்டேன்" என்றார் ஆய்வாளர். "இது வேற மிருகத்தோட தலை. நிபுணர்கள் கண்ணுல படக்கூடாதுன்னு ஒளிச்சேன், உடைச்சுப் போட மனசு வரலை."

"வேலை தப்பிச்சது அக்கா!" என்று மச்சினன் துள்ளினான்.

"வேலையா? இந்தப் பிளாஸ்டரை எடுக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும் தம்பி."

அவள் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, முதல் பல்லின் இடுக்கில் ஊசியை வைத்தாள். பிறகு ஆய்வாளரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"அந்தப் பக்கம் பிடிங்க சார். தலை ஆடுது."