இசைவு இல்லை

டைட்டனில் யாராவது பெரிய பதவிக்கு வந்தால் முதலில் அவர் காலில் எடை கட்டுவார்கள். சனிக்கோளின் அந்த நிலவில் ஈர்ப்பு குறைவு. ஜனங்கள் துள்ளித் துள்ளித்தான் நடப்பார்கள். கடைக்குப் போகிறவருக்கும் பிணத்தின் பின்னால் போகிறவருக்கும் அதே துள்ளல்தான். ஆனால் குடியரசுத் தலைவர் துள்ளலாமா? பூமியில் தலைவர்கள் நடந்தது போலக் கனமாக, நிதானமாக நடக்க வேண்டாமா? அதற்காகவே மாளிகையில் ஈயம் வார்த்த காலணி ஒரு ஜோடி இருந்தது.

பூரணவல்லிக்கு அது பெரிதாக இருந்தது. அதுவரை அதைப் போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். முன்பக்கம் பஞ்சை அடைத்துக்கொண்டு அவர் மேடைவரை இழுத்து இழுத்து நடந்தார். "என்ன ஒரு கம்பீரம்!" என்றார்கள் செய்தி வாசித்தவர்கள்.

டைட்டன் குடியரசின் முதல் பெண் தலைவர். அதைவிட, நாலாம் குமிழிலிருந்து வந்த முதல் ஆள். வெளியே உயிர் உறையும் குளிர். ஐந்து கண்ணாடிக் குமிழ்களுக்குள்தான் அந்த நாடு வாழ்ந்தது. நாலாம் குமிழ் பனிச்சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். அவர்கள் வெட்டும் பனிக்கட்டியில் இருந்துதான் மற்ற குமிழ்களுக்குக் குடிநீரும் மூச்சுக்காற்றும் கிடைத்தன. பூரணவல்லி அங்கே பிறந்து, தொழிலாளர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரை வேட்பாளராக நிறுத்தியவர் ஆளும் அணியின் தலைவர் வீரபத்திரன். "அமைதியான அம்மா. படத்துக்கு நல்லா இருப்பாங்க" என்று அவர் சொன்னது பூரணவல்லியின் காதுக்கும் வந்தது. வந்த பிறகும் அவர் தேர்தலில் நின்றார். ஜனங்கள் அள்ளி அள்ளி ஓட்டுப் போட்டார்கள்.

பதவியில் வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாட்டை நடத்தியது ஆள்மதி என்ற இயந்திர மூளை. சட்டங்களை அது எழுதும். சபை உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். கடைசியில் குடியரசுத் தலைவர் "இசைவு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணமே சட்டம் அமலாகும். கடைசி வார்த்தை மனிதருடையதாக இருக்க வேண்டும் என்று நாட்டை நிறுவியவர்கள் வைத்த ஏற்பாடு அது. இதுவரை வந்த தலைவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே வாழ்ந்து, ஓய்வுபெற்று, சிலையானார்கள்.

பூரணவல்லி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாட்டின் இரண்டு அணு உலைகளில் ஒன்று விரிசல் விட்டது. பூமியிலிருந்து புது உலை வந்து சேர ஏழு ஆண்டு ஆகும். அதுவரை வெப்பம் போதாது. ஆள்மதி ஒரு சட்டம் எழுதியது: நாலாம் குமிழை மூடிவிட்டு, அங்குள்ள எல்லோரையும் ஏழு ஆண்டு உறைதுயிலில் வைப்பது. பனி வெட்டும் வேலையை இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும்.

வீரபத்திரன் நேரிலேயே வந்தார்.

"மேடம், நீங்க அந்த ஊர்க்காரங்க. உங்க வாயால இசைவுன்னு வந்தா அந்த ஜனங்களுக்கும் மனசு ஆறும்."

"உறைதுயில்ல போறவங்க எல்லாரும் எழுந்திரிக்கிறாங்களா, சார்?"

"நூத்துக்கு நாலஞ்சு பேர்... அது எந்த வைத்தியத்துலயும் உள்ளதுதானே."

அவர் போன பிறகு தங்கை செல்லக்கிளியின் குரல் செவிமணியில் கேட்டது. டைட்டனில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதின் பின்னால் பதித்துவிடும் பொறி அது. பேச்சு, பாட்டு, அரசாங்க அறிவிப்பு எல்லாம் அதன் வழியேதான்.

"அக்கா, எங்களைத் தூங்க வைக்கப் போறாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நம்ம சித்தப்பா அப்படித் தூங்கப் போனவர்தானே. எழுப்புறப்போ கட்டை மாதிரி கிடந்தாரே, மறந்துட்டியா? நீ என்னக்கா பண்ணுவ, பாவம். உன்னைப் பொம்மை மாதிரி உட்கார வச்சிருக்காங்க."

கடைசி வாக்கியம் பூரணவல்லியைச் சுட்டது. செயலாளர் மாசிலாமணியைக் கூப்பிட்டு, இசைவு நிகழ்ச்சியை நாடு முழுக்க நேரலையில் காட்ட ஏற்பாடு செய்யச் சொன்னார். வீரபத்திரனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறுநாள் சபை நிரம்பியிருந்தது. மேசைகள் தட்டப்பட்டன. ஆள்மதி சட்டத்தை வாசித்து முடித்து, "குடியரசுத் தலைவர் அவர்களின் இசைவுக்காக" என்றது.

பூரணவல்லி எழுந்தார். கைது செய்வார்கள், பைத்தியம் என்பார்கள், கதவை உடைத்து இழுத்துப் போவார்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்.

"இசைவு இல்லை."



"சரி" என்றது ஆள்மதி.

"சரின்னா?"

"சட்டம் விழுந்துவிட்டது. வேறு என்ன செய்யலாம் என்கிறீர்கள்?"

சண்டைக்குத் தயாராக வந்தவருக்குத் திறந்த கதவை மோதித் திறக்கப்போய்த் தடுமாறிய மாதிரி ஆகிவிட்டது. "வேற வழி இருக்கா?" என்றார்.

"இருக்கிறது. ஐந்து குமிழ்களும் குளிரைப் பங்கிட்டுக்கொள்ளலாம். எல்லா வீடுகளிலும் ஏழு ஆண்டு வெப்பத்தைப் பதினாலு பாகைக்குக் குறைத்தால் யாரும் தூங்க வேண்டியதில்லை."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் என்னை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. முதலில் எழுதியதே பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்."

வீரபத்திரன் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் கூரைவரை போய் இறங்கினார். "ஜனங்க ஒத்துக்கவே மாட்டாங்க! அவங்களைக் கேட்காம இதைச் செய்ய முடியாது!"

"கேட்போம்" என்றார் பூரணவல்லி. "ஆள்மதி, ஒவ்வொருத்தர் காதுலயும் கேளு. எத்தனை பாகை, எத்தனை வருஷம், எதுக்காக... எதையும் மறைக்காதே."

கேள்வி போனது. டைட்டன்வாசிகளின் செவிமணியில் எதையாவது கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டும் நாடகமும் பதில் சொல்லும்வரை நின்றுவிடும். அந்த நேரத்தில் ஊரே கேட்கும் ஒரு நாடகத் தொடரில் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்ற கட்டம்.

"முடிவு வந்துவிட்டது" என்றது ஆள்மதி. "பெரும்பான்மை இசைவு."

"அதுக்குள்ளேயா? முழுசாக் கேட்டாங்களா?"

"நாலாம் குமிழில் கேட்டார்கள். மற்ற இடங்களில் 'அன்புள்ள குடிமக்களே' என்றதுமே இசைவு சொல்லிவிட்டார்கள்."

பூரணவல்லி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி மனசு உறுத்தியது. "இது செல்லுமா?"

"உங்கள் சட்டப்படி செல்லும். இதுவரை போட்ட சட்டங்கள் எல்லாம் இப்படித்தான் செல்லுபடியாகின."

நாலாம் குமிழைத் தூங்கவைக்க மேசை தட்டிய கைகளை அவர் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"அப்படின்னா இதுவும் செல்லட்டும். இசைவு."

மறுநாள் காலை ஜனங்கள் பல் கிட்டித்துப்போய் எழுந்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் மாளிகை வாசலில் கூட்டம் நெரிந்தது. போர்வை, விரிப்பு, சன்னல் திரை என்று கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். "பதவி விலகு!" என்ற சத்தம் குமிழின் கூரையில் மோதித் திரும்பியது.

"வெளியே போகாதீங்கம்மா" என்றார் மாசிலாமணி. "கல் எறிவாங்க. இங்க கல்லு மெதுவாத்தான் வரும், ஆனாலும் வலிக்கும்."

பூரணவல்லி தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"உங்களைக் கேட்டுத்தான்."

பூரணவல்லி சொல்லிவைத்திருந்தபடி ஆள்மதி அவரவர் காதில் அவரவர் குரலையே ஒலிக்கவிட்டது. 'இசைவு.' எரிச்சலாக, அவசரமாக, வாய் நிறையப் பலகாரத்தோடு. கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

"நாங்க கவனிக்காம சொல்லிட்டோம்!" என்றாள் ஒரு பெண்.

"நானும் அப்படித்தான் சொல்லுவேன்னு நம்பித்தானே எனக்கு ஓட்டுப் போட்டீங்க?"

பின்னாலிருந்து, "மறுபடி கேளு! இப்ப சொல்றோம் பதில்!" என்று ஒரு குரல் கிளம்ப, கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

"கேட்கச் சொல்றேன். எனக்கு எதிராவே சொல்லுங்க, பரவாயில்லை. ஆனா இந்தத் தடவையாவது முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. முழுசா!" அடித்தொண்டையிலிருந்து கத்தினார் பூரணவல்லி. "ஆள்மதி, கேளு. தெளிவாக் கேளு."

எல்லாக் காதுகளிலும் ஆள்மதி நிதானமாகத் தொடங்கியது: "அன்புள்ள குடிமக்களே, நேற்று அமலான வெப்பக் குறைப்பை நீக்கி, பழையபடி வீடுகளைச் சூடாக்க..."

"இசைவு இல்லை!" என்று முழங்கினார்கள். முஷ்டியை உயர்த்திக்கொண்டு, கண் கலங்க, மறுபடி மறுபடி முழங்கினார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆள்மதி கேள்வியைக் கடைசிவரை கேட்டு முடித்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

பூரணவல்லி உள்ளே வந்தார். மாசிலாமணி கம்பளியை நீட்டினார்.

"என்னம்மா ஆச்சு? இவ்வளவு சந்தோஷமா இருக்காங்க?"

"மக்கள் தீர்ப்பு, மாசிலாமணி" என்றார் பூரணவல்லி கம்பளியைப் போர்த்திக்கொண்டே. "குளிர் நீடிக்கும்."