பதிவேட்டில் கொய்யா

"எங்க அம்மாவ எங்க அப்பாதான் கொன்னாரான்னு எனக்குத் தெரியணும்ங்க, நானா."

பெல்மதுளைச் சந்தியிலுள்ள தமது சிறிய மருந்துக்கடையில் ஒரு முதியவருக்கு இருமல் மருந்தின் அளவை விளக்கிக்கொண்டிருந்தவரும், ஊரார் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றழைப்பவருமான நுஹ்மான் அவர்கள், கையிலிருந்த போத்தலை மெதுவாக மேசைமீது வைத்தார்.

வாசலில் நின்ற பெண்ணுக்கு இருபத்தாறு வயதிருக்கலாம். பெயர் ஷாமிளா. தோளில் துணியால் சுற்றிய கைக்குழந்தையுடன் கேகாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

நுஹ்மான் அவர்கள் முப்பது ஆண்டுகள் தோட்ட மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மருந்து கேட்டு வருவோர் தங்கள் வீட்டுப் புதிர்களையும் அவரிடம் கொண்டுவருவது நாளடைவில் வழக்கமாகிவிட்டது. அத்தகைய வேளைகளில் அவருடைய மனைவியின் தம்பியான பயாஸ், ஆட்டோவில் ஏறிய பயணியைக்கூட இறக்கிவிட்டு ஓடிவந்துவிடுவார். அன்றும் அவ்வாறே வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மகள்" என்றார் நுஹ்மான். "ஆறுதலாச் சொல்லுங்க."

ஷாமிளா சொன்னாள். அவளுடைய தந்தை ராமச்சந்திரன், ஓப்பநாயக்கவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பு. தாய் வெள்ளையம்மா அதே தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை செய்தவர். நாற்பது நாள்களுக்கு முன்னர், மாலை ஆறு மணியளவில், அவர்களது குவாட்டர்ஸின் சமையலறையில் கேஸ் கசிந்து வெடித்தது. வெள்ளையம்மா இரண்டு நாள் உயிரோடிருந்து காலமானார். முன்னறை வாசலில் நின்ற ராமச்சந்திரன் கையில் தீக்காயத்துடன் தப்பினார்.

"பொலிஸ்ல விபத்துன்னு எழுதிட்டாங்க. ஆனா எங்க மாமா, அம்மாவோட கூடப் பொறந்த வேலுசாமி மாமா, ஒத்துக்க மாட்டேங்கிறாரு. ரோட்டுல போனவங்களுக்கெல்லாம் கேஸ் நாத்தம் வந்திருக்கு. அப்பா உள்ளுக்குள்ளயே பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. அப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கி வந்த அம்மா, பின்பக்கமா சமையலறைக்கு ஓடிப்போய், 'நாத்தம் அடிக்குதுங்க, வெளிய வாங்க'ன்னு கத்துனத மாமா காதால கேட்டிருக்காரு. அதுக்கப்புறமும் அப்பா சமையலறை லைட்டப் போட்டிருக்காரு. சுவிச்சு முன்னறை வாசல்லதான் இருக்கு. அந்தப் பொறியிலதான் வெடிச்சிருக்கு."

"அப்பா என்ன சொல்றார்?"

"'நான்தான் போட்டேன்'ங்கிறாரு. வேற ஒரு வார்த்தை இல்லீங்க." அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். "புள்ளைக்கு ரெண்டு மாசம் ஆகப்போகுது. அவர் இன்னும் பாக்கல. நான் விடல. கொன்னவர் கையில எப்பிடிங்க குடுப்பேன்? கொல்லலன்னா, அவர அங்க தனியா விட்டுட்டு எப்பிடிங்க இருப்பேன்?"

"ரெண்டு பேருக்கும் இடையில சண்டை ஏதும் ஈந்ததா?" என்று பயாஸ் ஆவலுடன் இடைபுகுந்தார்.

"அம்மா பன்னண்டு நாள் கேகாலையில எங்கூட இருந்தாங்க. ஆப்ரேஷன் பண்ணித்தான் புள்ளைய எடுத்தாங்க. அதனால நான்தான் அம்மாவ வரச் சொன்னேன். அப்பா தெனம் போன் எடுத்து 'வந்துரு, முடியல'ம்பாரு. அம்மாவும், 'இன்னும் ரெண்டு நாள் கண்ணால பாத்து ஓட்டுங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வீடு திரும்புன அன்னைக்குத்தான் இப்பிடி ஆச்சு."

"கண்ணால பாத்து" என்று நுஹ்மான் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பின்னர் கடையின் கதவைச் சாத்தினார்.

பயாஸின் ஆட்டோவில் தோட்டத்துக்குப் போய், ஷாமிளாவைத் தொழிலாளர் லயத்தில் வேலுசாமியின் வீட்டில் இறக்கிவிட்டு, இருவரும் குவாட்டர்ஸுக்குச் சென்றனர். சமையலறையின் கூரை போய்விட்டிருந்தது. அது முன்னறையைவிட இரண்டு படிகள் தாழ்வாக இருந்ததை நுஹ்மான் கவனித்தார். எரிந்த சுவரில் எலி கடித்த ரப்பர் குழாயின் முனை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ராமச்சந்திரன் மதிய உணவுக்கு அமர்ந்திருந்தார். கையில் கட்டு. வந்தவர்களைக் கண்டதும் எழுந்து, "சாப்பிடுங்க நானா, இருக்கிறத சாப்பிடுவோம்" என்று உபசரித்தார்.

மீன்கறிச் சட்டியைத் திறந்ததும் பயாஸ் மன்னிப்புக்கூடக் கேளாமல் வெளியே போய்விட்டார். கறி குறைந்தது இரண்டு நாள் பழையது; கெட்டுப்போயிருந்தது. ராமச்சந்திரனோ அதைச் சோற்றில் பிசைந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் கொச்சிக்காய் எனும் பச்சை மிளகாய் ஒன்றைக் கடித்தவாறு உண்டார். கண்களில் நீர் வழிந்தது.

"உறைப்பு கூடல்லியா?" என்றார் நுஹ்மான்.

"இது ஒண்ணுதாங்க சாப்பாடு மாதிரி இருக்கு."

கை கழுவுவதற்காக அவர் குனிந்தபோது, பின்தலையில் முடி முளைக்காத ஒரு நீண்ட தழும்பு தெரிந்தது.

"இது எப்ப?"

"ஒம்போது வருசம் ஆச்சுங்க. ஸ்டோர்ல மாடிப்படியில வழுக்கி விழுந்தது."

வெளியே ஆட்டோவில் சாய்ந்து நின்ற பயாஸ், "மச்சான், மனுசனுக்குக் கவலையில புத்தி கலங்கீட்டுது. அந்தக் கறிய எங்கட வீட்டுப் பூனையும் தொடாது" என்றார்.

"பூனைக்கு மூக்கு ஈக்குதே" என்றார் நுஹ்மான். பின்னர் தொழிற்சாலையை நோக்கி நடந்தார்.

தோட்டத்தில் எல்லோரும் ஸ்டோர் என்றழைக்கும் தொழிற்சாலையில், விபத்துக்குப் பின் பொறுப்பைப் பார்த்துவந்த உதவி டீமேக்கரான தனுஷன் அவர்களை மரியாதையுடன் வரவேற்றார். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்கவிட்டு, சரியான பதத்தில் அடுப்புக்கு அனுப்புவதே டீமேக்கரின் திறமை என்று அவர் விளக்கினார்.

"நெறத்தப் பாத்துப் பாதி கண்டுபிடிக்கலாங்க. மீதி மூக்குலதான். மொதல்ல பச்சை வாசம் வரும். பொறவு பழ வாசமா மாறும். அந்த நிமிசத்தத் தவற விட்டா டீ கெட்டுச்சு. எங்க ஐயா எழுதுறதப் பாருங்க."

பதிவேட்டின் கடைசி நிரலில், ராமச்சந்திரனின் கையெழுத்தில், பக்கம் பக்கமாக இரண்டே சொற்கள் இருந்தன: முதலில் 'பச்சை', சிறிது நேரத்தின் பின் 'கொய்யா'. ஒன்பது ஆண்டுகளாக அதே சொற்கள். அதற்கு முந்திய பழைய பதிவேட்டையும் நுஹ்மான் கேட்டு வாங்கினார். அதில் 'மாம்பழம் போல', 'சற்று ஆப்பிள்', 'இன்னும் புல் வாடை' என்று நாளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருந்தது. வெள்ளையம்மா கேகாலையிலிருந்த பன்னிரண்டு நாள்களில் மட்டும் 'சரி', 'சரி' என்றிருந்தது.

"இந்தப் பன்னிரண்டு நாள் டீ எப்படி?"

தனுஷன் குரலைத் தாழ்த்தினார். "ஏழு நாளு டீ கொழும்புல இருந்து திரும்பி வந்துருச்சுங்க. தொரை சத்தம் போட்டாரு. அக்கா இல்லாம ஐயாவுக்கு மனசு சரியில்லன்னு நாங்க நெனச்சோம். அக்காதாங்க ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி கொழுந்த முந்தானையில ஏந்திக்கிட்டு வந்து ஐயாகிட்டக் காட்டுவாங்க. காதுல ஏதோ சொல்லுவாங்க. 'புருசன் பொஞ்சாதிக்கு ஸ்டோர்லயும் ரகசியமா'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

பிற்பகல் மூன்று மணிக்கு, நுஹ்மானின் வேண்டுகோளின்படி, ஷாமிளாவும் வேலுசாமியும் குவாட்டர்ஸின் முன்னறைக்கு வந்தனர். ஷாமிளா குழந்தையுடன் கதவருகிலேயே நின்றாள். ராமச்சந்திரன் தலையை நிமிர்த்தவில்லை.

"ஒங்களுக்கு விசயம் வெளங்கிருச்சா நானா?" என்றார் வேலுசாமி. "எனக்கு எப்பவோ வெளங்கிருச்சு. இவருக்கு மூக்கு இல்லையா? இது நடக்குறதுக்கு ஒரு மாசம் முந்தி, எங்க ரப்பர் ஸ்டோர்ல, பாலுக்கு ஊத்துற அமோனியா கேன் கவுந்தப்போ, மொத ஆளா மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனவரு இவருதான். கண்ணுல தண்ணியா ஊத்துச்சு. அமோனியா தெரிஞ்ச மூக்குக்கு கேஸ் தெரியாமப் போச்சா?"

"நல்ல கேள்வி" என்று நுஹ்மான் ஏற்றுக்கொண்டார். "ராமச்சந்திரன், எனக்காகக் கொஞ்சம் கண்ண மூடுங்க."

அவர் துணிக்குள் மறைத்த மூன்று சிறு போத்தல்களைக் கொண்டுவந்திருந்தார். முதலாவதைத் திறந்து ராமச்சந்திரனின் மூக்கருகே பிடித்தார். மண்ணெண்ணெயின் வாடை அறை முழுவதும் பரவிற்று.

ராமச்சந்திரன் ஆழமாக மூச்சிழுத்தார். சற்றுத் தயங்கினார். "காப்பித்தூளுங்க" என்றார். "நல்ல வாசம்."

இரண்டாவது போத்தலில் உண்மையாகவே காப்பித்தூள் இருந்தது. "இது... சவுக்காரம்" என்றார் அவர். மூன்றாவதைத் திறந்த கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், கண்கள் கலங்கின. அது அமோனியா.

"மச்சான், நடிக்கிறாரா?" என்று பயாஸ் மெதுவாகக் கேட்டார்.

"நடிக்கிறார்தான். ஆனா தலைகீழா நடிக்கிறார்" என்றார் நுஹ்மான். "தண்டனையில இருந்து தப்ப நெனைக்கிற மனுசன், 'எனக்கு ஒண்டும் மணக்கல்ல' எண்டு சொல்லுவான். அமோனியாவுக்கும் அப்பிடித்தான் சொல்லுவான். இவர் மணக்குது எண்டு காட்டப் பாக்கிறார்."

ராமச்சந்திரன் கைகூப்பினார். "நானா, இத்தோட விட்டுருங்க. நான்தான் லைட்டப் போட்டேன். அது போதும்ங்க."

நுஹ்மான் ஷாமிளாவின் பக்கம் திரும்பினார். "மகள், உங்கட வாப்பா ஏன் என்னைத் தடுக்கிறார் எண்டு எனக்கு வெளங்குது. உண்மை லேசானதில்ல. கேக்கணுமா?"

"சொல்லுங்க நானா."

அவர் மருந்தகத்தில் நோயாளிக்கு விளக்கும் அதே அமைதியான குரலில் சொல்லத் தொடங்கினார்.

"நம்மட மூக்குக்கு ரெண்டு வேலை ஈக்குது, அதுக்கு ரெண்டு நரம்பு. ஒண்டு வாசம் பிடிக்கிறது. மத்தது எரிவையும் குத்தலையும் உணர்றது. அமோனியா ரெண்டாவது நரம்பைத்தான் அடிக்குது. கொச்சிக்காயும் அப்பிடித்தான், உறைப்பு எண்டது ருசியில்ல, எரிவு. வாசம் செத்தவனுக்கும் அது தெரியும். சாப்பாட்டில நாங்க ருசி எண்டு சொல்றதில பெரும்பங்கு மூக்கால வாறது. அதனாலதான் இவருக்குக் கொச்சிக்காய் மட்டும் சாப்பாடு மாதிரி ஈக்குது. கெட்டுப்போன மீன் தெரியல்ல."

"மூக்குல அடி ஒண்ணும் படலையே" என்றார் வேலுசாமி. அவருடைய குரலில் முன்னிருந்த உறுதி இல்லை.

"பின்தலையில பட்டது. வாச நரம்பு நூல் மாதிரி மெல்லிசு. மூளையில இருந்து, சல்லடை மாதிரி ஓட்டையுள்ள ஒரு எலும்புக்குள்ளால மூக்குக்கு இறங்குது. பின்னுக்கு அடிபட்டா மூளை உள்ளுக்குள்ள குலுங்கும். முன்னுக்கு ஈக்கிற நூல் அறுந்துபோகும். வெளியில ஒரு கீறலும் ஈக்காது. ஒம்பது வருசத்துக்கு முந்தி அதுதான் நடந்திருக்கு. அதுக்குப் பொறகு பதிவேட்டில ஈக்கிறது இவர்ட சொல்லில்ல. வெள்ளையம்மாட சொல். பச்சை, கொய்யா. அவ மணந்து காதில சொன்னத இவர் எழுதினார். டீமேக்கருக்கு மூக்கு இல்ல எண்டு தெரிஞ்சா வேலையும் போகும், இந்த வீடும் போகும். அதனால ரெண்டு பேரும் சேந்து மறைச்சாங்க. 'கண்ணால பாத்து ஓட்டுங்க' எண்டு அவ போனில சொன்னது கொழுந்தப் பத்தி. நிறத்த வச்சுச் சமாளிங்க எண்டுதான்."

அவர் வேலுசாமியை நோக்கினார்.

"நீங்க கேட்ட சத்தத்த யோசிச்சுப் பாருங்க, தம்பி. நாத்தத்துக்கு நடுவில உக்காந்திருக்கிற புருசனப் பாத்து ஒரு பொஞ்சாதி என்ன கத்துவா? 'இந்த நாத்தத்தில என்ன செய்றீங்க' எண்டு ஏசுவா. ஆனா அவ, 'நாத்தம் அடிக்குதுங்க' எண்டு தகவல் சொன்னா. அவருக்குத் தெரியாது எண்டு அவ ஒராளுக்குத்தான் தெரியும்."

வேலுசாமி சுவரோரமாக அப்படியே குந்திவிட்டார். "அக்கா எங்கிட்டகூடச் சொல்லலியே" என்று முணுமுணுத்தார்.

"லைட்டு?" என்றாள் ஷாமிளா.

அந்தக் கேள்விக்கு ராமச்சந்திரன்தான் பதில் சொன்னார். நாற்பது நாள்களில் அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

"பன்னண்டு நாளைக்கப்புறம் அவ சத்தம் கேட்டுச்சும்மா. என்ன சொன்னான்னு வெளங்கல, சத்தம்தான் கேட்டுச்சு. வந்துட்டான்னு எந்திரிச்சேன். உள்ள இருட்டு. ரெண்டு படி இருக்கே, தடுக்கி விழுந்துருவாளேன்னுதான் போட்டேன்."

ஷாமிளாவின் முகம் மெல்ல மாறியது. அவள் கணக்கிடுவதை நுஹ்மான் கண்டார், தடுக்க வழியில்லை.

"நான் அம்மாவ வரச் சொல்லாம இருந்திருந்தா..."

"அதுக்குத்தான்" என்று ராமச்சந்திரன் இடைமறித்தார். "அதுக்குத்தாம்மா சொல்லல. நீ இப்பிடி நெனப்பன்னுதான். என்னையக் கொலைகாரன்னே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்மா நீ. கொஞ்ச நாளுல கோவம் ஆறியிருக்கும். இது ஆறாதே."

பயாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குச் சென்றார். தாம் இத்தனை ஆவலுடன் துரத்திவந்த விடை இதுதானா என்று அவருக்கு வெட்கமாயிருந்திருக்க வேண்டும்.

ஷாமிளா கதவருகிலிருந்து நகர்ந்தாள். தந்தையின் எதிரில் தரையில் அமர்ந்து, கட்டுப்போட்ட கைக்கு வலிக்காதவாறு, குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

ராமச்சந்திரன் குனிந்தார். பேரப்பிள்ளையைக் காணும் எவரும் செய்வதுபோல அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து மூச்சிழுத்தார். பின்பு அசையாமல் அப்படியே இருந்தார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அறையிலிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது.

ஷாமிளாவும் குனிந்து முகர்ந்தாள். பிறகு தந்தையின் காதருகே வாயை வைத்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பச்சைங்கப்பா."

ஸ்டோரில் ஒன்பது ஆண்டுகளாகத் தலையசைத்ததைப் போலவே அவர் தலையசைத்தார்.