ஊஞ்சப்பாளையம் சாலையைச் சுருட்ட வந்தார்கள்

மாலையில் செங்கோடன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்ததும், ஊஞ்சப்பாளையம் சாலை வழக்கம்போல, "வாங்ணா, முட்டிவலி எப்படி இருக்குது?" என்று கேட்டது. "இருக்குது, இருக்குது" என்றார் அவர். சாலை உடனே அவர் கால் படும் இடத்தில் மட்டும் தன் தாரைச் சற்றே இளக்கிக் கொடுத்தது.

அந்தக் காலத்தில் எல்லாச் சாலைகளுக்கும் மூளை வைத்திருந்தார்கள். மதிச்சாலை என்று பெயர். பள்ளம் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும், மாடு குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தும், அந்தந்த ஊர்ப் பேச்சும் பேசும். பாவம், மூளை வந்த சமயம் பார்த்து வண்டிகளெல்லாம் வானத்துக்குப் போய்விட்டன. ஆள் வராத சாலையைப் பாய் மாதிரி சுருட்டி எடுத்துப்போய் உருக்கிவிடுவது அரசின் வழக்கம். ஊஞ்சப்பாளையம் சாலை இன்னும் அங்கே கிடந்ததற்குக் காரணம் செங்கோடன் ஒருவர்தான். தினமும் வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்புவார்.

ஒற்றை ஆளுக்காக ஒரு சாலையா என்று நோட்டீஸ் வந்துவிட்டது. செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

"போனாப் போகுது, மொட்டைமாடில நடங்க" என்றாள் மனைவி பாவாத்தாள்.

"மொட்டைமாடியும் அதும் ஒண்ணா? அந்த அமைதிக்கு நான் எங்க புள்ள போவேன்? அந்த ரோடு இல்லீனா செத்தே போயிருவேன்."

விசாரிக்க அமுதவல்லி என்ற அலுவலர் வந்தார். சாலையோரத்திலேயே நாற்காலி போட்டார்கள். செங்கோடன் உருகித் தள்ளிவிட்டார்.

"இங்க வந்தாத்தான் மனசு அடங்குதுங்க மேடம். ஒரு சத்தம் கிடையாது. குருவி, காத்து, அந்த வளைவுல நிக்கிற பெரிய புளியமரம்... அதோட நிழல்ல கொஞ்ச நேரம் நின்னாப் போதுமுங்க, போன உசுரு திரும்பி வரும்."

அமுதவல்லிக்கே கண் கலங்கியது. இருந்தாலும் சட்டப்படி சாலையிடமும் கேட்க வேண்டும். மதிச்சாலைகளுக்குப் பொய் சொல்ல வராது.

"அந்தப் புளியமரம் போன வருசம் ஆடிக்காத்துல விழுந்துருச்சுங்க" என்றது சாலை.

செங்கோடன் திடுக்கிட்டுத் திரும்பினார். வளைவில் வெறும் வானம்தான் இருந்தது.

"அண்ணன் கிளம்புனதுமே செவிமணியத் தட்டிருவாருங்க" என்று சாலை தொடர்ந்தது. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் பதிக்கும் பேசியைத்தான் செவிமணி என்பார்கள். "பாலம் வரைக்கும் தங்கச்சி பூங்கொடிகிட்டப் பேச்சு. திரும்பறப்ப மத்தவங்ககிட்டச் சண்டை. மரம் குறுக்கால கிடந்த அன்னைக்கும் அதைச் சுத்திக்கிட்டுப் பேசிட்டேதானுங்க போனாரு."

செங்கோடனுக்கு மானமே போயிற்று. அமுதவல்லிக்கு வந்த கண்ணீரும் உள்ளே போய்விட்டது.

"வீட்ல உக்காந்தே பேசலாமே சார், இதுக்கு ஒரு ரோடா? சுருட்டிரலாம்" என்று எழுந்தார்.

"ஐயோ மேடம், சுருட்டிராதீங்க!" சாலை அலறிய அலறலில் நாற்காலி ஆடியது. "இவரு தங்கச்சி மகளுக்குச் செவ்வாய்க் கிரகத்துல மாப்பிள்ளை பாத்திருக்காங்க. புள்ளைக்குச் செவ்வாய் தோஷம். பையன் அங்கயே பொறந்தவன். அவனுக்குத் தோஷம் உண்டா, இல்லையான்னு சோசியருங்களே ரெண்டு கட்சியா நிக்கறாங்க. தாய்மாமன் இவரு என்ன முடிவு சொல்றாருன்னு தெரியாம நான் எப்படிங்க சுருண்டு படுக்கறது?"

எழுந்த அமுதவல்லி மறுபடி உட்கார்ந்தார். "அப்படியா? பையன் ஜாதகத்துல செவ்வாய எந்தக் கட்டத்துல போட்டிருக்காங்க?"

"செவ்வாயே இல்லீங்க மேடம். அதுக்குப் பதிலா பூமியப் போட்டிருக்காங்க. இப்ப பையனுக்குப் பூமி தோஷமாம்!"

"அடப்பாவிகளா!" என்றார் அமுதவல்லி. பிறகு தீர்ப்புச் சொன்னார். செங்கோடன் இப்போது நடப்பதுபோலவே நடந்துவரும் வரை சாலை இருக்கலாம்.

மறுநாள் செங்கோடன் வெட்கத்தோடு நடைக்கு வந்தார். செவிமணியைத் தொடவே இல்லை. வளைவில் புளியமரத்தின் அடிக்கட்டை துளிர்த்திருந்தது. கரும்புக் காட்டில் காற்று சலசலத்தது. வாய்க்காலில் ஒரு மீன்கொத்தி விழுந்து எழுந்து பாலத்தில் உட்கார்ந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடடா, இத்தனை நாளா இதையெல்லாம் எங்க வெச்சிருந்த?"

"அது கெடக்குதுங்ணா. பூமி தோஷத்துக்குப் பரிகாரம் கேட்டீங்களே, என்னாச்சு?"

"உஸ்! கொஞ்சம் அமைதியா இரு."

காலடியில் தார் கல்லாக இறுகியது. முட்டி சுரீர் என்றது.

"அமைதியா நடக்கறதுக்கா விட்டிருக்காங்க? மேடமே காலைல இருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. நீங்க பேசலீன்னா, பழையபடி நடக்கறதில்லீன்னு நான் சொல்லித்தானுங்ணா ஆகோணும். எனக்குப் பொய் வராது."

செங்கோடன் மீன்கொத்தியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். பெருமூச்சு விட்டுக் காதுக்குப் பின்னால் தட்டினார்.

"ஆங், பூங்கொடி... சொல்லு சாமி, சோசியர் என்னங்கறாரு?"

தார் மறுபடி இளகியது. அதன்பிறகு பாலத்திலிருந்து வீடு வரைக்கும் அப்படியொரு அமைதி. சாலை மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.