ஒரு வார வானம் எங்கே போச்சு?

அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆள் ஒல்லி, பேச்சு சுருக். அதனால் அப்பா வைத்த பெயர் குண்டூசி. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் அவளுக்கே தன் சொந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும்.

குண்டூசிக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு வயது. வாய்க்கு மட்டும் அறுபது. அப்பா ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்த்தார். அவர் வேலைக்குக் கிளம்பும்போது ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். ஊர் விழித்திருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு மின்சார வேலை. எங்கோ தொலைவில் ஒரு மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் கம்பி இழுத்து விளக்குப் போட, அம்மா ஒரு வருட வேலைக்குப் போயிருந்தார்.

போன புதிதில் ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது அம்மா சொன்னார்: "விடியறதுக்குள்ள உள்ள போனா, இருட்டினப்புறம்தான் வெளிய வர்றேன். ஞாயித்துக்கிழமை தவிர வானத்தையே பாக்கிறதில்ல. நம்ம தெருவுல இப்ப வெயிலா மழையா?"

அம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுவதும் அந்தக் கேள்வி அவள் தலைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் அலமாரியிலிருந்து அம்மாவின் பின்னல் ஊசிகளை எடுத்தாள். பின்னத் தெரியும், பொம்மைக்குத் தொப்பி பின்னியிருக்கிறாள். இப்போது ஒரு மஃப்ளர் ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை, போக ஒன்று வர ஒன்று. வெயில் அடித்த நாளுக்கு மஞ்சள் நூல். மழைக்கு நீலம். மேகம் மூடிக்கிடந்தால் சாம்பல். காற்று அடித்தால் பச்சை. பனி இறங்கினால் வெள்ளை. அம்மா திரும்பி வரும்போது, அவர் பார்க்காமல் விட்ட வானம் முழுவதையும் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் வாயில் எதுவும் தங்காது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை எப்படியோ அடக்கிவைத்திருந்தான். தொலைபேசி மணி அடித்தாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வான். "இவனுக்கு ஏன் பல்வலி அடிக்கடி வருது?" என்று, பொத்திய கைக்குள்ளிருந்து வரும் அவன் முனகலைக் கேட்டு அம்மா ஒருமுறை அப்பாவிடம் கவலையாக விசாரித்தார்.

குளிர்காலம் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு சாண் நீளம் வளர்ந்தது. அடுத்து வந்த கோடை மஞ்சள் மஞ்சளாக நீண்டது. நூல் கடை அக்காவே, "என்ன, வாழைத்தாரா பின்னுற?" என்று கேட்கும்படி ஆயிற்று. பிறகு காற்றுக்காலம் பிறந்தது. வானம் நாளுக்கு ஒரு வேஷம் போடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் குண்டூசிக்குக் காய்ச்சல் வந்தது.

சும்மா வந்துபோகிற காய்ச்சல் இல்லை. ஆளைப் பாயோடு பாயாக ஒட்டவைத்த காய்ச்சல். வெளிச்சம் பட்டால் கண் வலித்தது. மருத்துவர் ஜன்னலை மூடிவைக்கச் சொன்னார். அப்பா விடுப்புப் போட்டுவிட்டு, கனமான திரையைத் தொங்கவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை படுத்தவள், அடுத்த திங்கட்கிழமைதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

இரண்டு வாய் குடித்ததும் அவளுக்குப் பகீர் என்றது. மஃப்ளர்!

ஒரு வார வானத்தை அவள் பார்க்கவே இல்லை.

முதலில் அப்பாவைக் கேட்டாள். அப்பா தாடையைச் சொறிந்தார். "நான் உன் முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்மா. வானத்தை எங்க பாத்தேன்?" என்றார். செய்தித்தாளில் வானிலை போடுவார்களே என்று அவரே ஒரு வழியும் சொன்னார். அது ஊர் முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது, அங்கே கொட்டினால் இங்கே ஒரு சொட்டு விழாது, எனக்கு வேண்டியது நம் தெரு வானம் என்று குண்டூசி சொல்லிவிட்டாள்.

தம்பிக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "ஏதாவது ஒரு கலர் போடுக்கா. அம்மாவுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"அது பொய் மழை ஆயிடும்டா," என்றாள் குண்டூசி.

கோடையில் காய்ச்சல் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் போட்டிருக்கலாம். இந்த மாதத்தில் எதை நம்புவது? விட்ட வாரத்தைப் பின்னாமல் அடுத்த நாளைப் பின்னவும் முடியாது. அதனால் ஊசியை அப்படியே நிறுத்திவைத்தாள். புதிதாக வரும் நாள்கள் தப்பிப்போகாமலிருக்க, தினமும் ஒரு துண்டு நூலை ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டினாள். ஆனால் அவளை உறுத்தியது வேறொன்று. போன வாரம் நடந்ததை இந்த வாரம் கேட்டால் நாலு பேர் சொல்லுவார்கள். அடுத்த மாதம் கேட்டால் யார் சொல்லுவார்கள்?

மருத்துவர் வெளியே போகலாம் என்று சொன்ன அன்றே தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

திங்கட்கிழமை அவளுக்கே தெரியும். பள்ளிவிட்டு வரும்போது கொளுத்திய வெயிலில்தான் தலைவலி ஆரம்பித்தது. மஞ்சள். இனி ஆறு நாள் பாக்கி.

தெருக்கோடியில் சலவைக் கடை. அங்கே இருந்த அக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே யோசித்தார். "போன வாரம் மழையா? அதை ஏன் கேக்கிற," என்று ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் இருபது போர்வை விரித்துவிட்டுக் கீழே இறங்கி, ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டதாம். அத்தனை போர்வையையும் மறுபடி பிழிந்தாராம். இன்னும் தோள்பட்டை வலிக்கிறதாம். சனிக்கிழமையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குத் துணி காயவும் இல்லை, நனையவும் இல்லை. வானம் உம்மென்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்ததாம்.

செவ்வாய் நீலம். சனி சாம்பல்.

சைக்கிள் கடை மாமாவிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கடை வாசலுக்கு மேலே பெயர்ப்பலகை இல்லை. கீழே சுவரில் சாய்ந்து நின்றது. புதன்கிழமை அடித்த காற்றில் பறந்து எதிர்வீட்டு வாசலில் போய் விழுந்ததாம். யார் தலையிலும் விழாமல் போனதே பெரிய புண்ணியம் என்றார். பச்சை.

வியாழக்கிழமையைத் தம்பியே கொண்டுவந்தான். "அன்னைக்குத்தான் எனக்குப் பல்லு விழுந்துச்சு. இந்தக் கடைக் கண்ணாடியில ஓட்டையைப் பாக்க வந்தேன். கண்ணாடியில வெயில் அடிச்சுக் கண்ணு கூசி, ஓட்டையே தெரியல."

"இதை முன்னாடியே ஏன்டா சொல்லல?"

"நீ வெயிலைப் பத்தித்தானே கேட்ட. பல்லைப் பத்திக் கேக்கலையே."

மஞ்சள்.

வெள்ளிக்கிழமையில்தான் சண்டை வந்தது. தள்ளுவண்டியில் பழம் விற்கும் தாத்தா அன்றைக்கு நல்ல வெயில் என்றார். வெயிலில்லாமலா வண்டியிலிருந்த தர்பூசணி அத்தனையும் விற்றது என்று கேட்டார். சலவைக் கடை அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மழை, கொடியில் கிடந்த சட்டைகளை ஓடிப்போய் அள்ளியது நான்தானே என்றார். தாத்தா விடவில்லை. அக்காவும் விடவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்களில்லை என்பது குண்டூசிக்குத் தெரியும். இருவருக்கும் நடுவில் நின்று கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

பிறகு அக்காவிடம் போய்க் கேட்டாள். "துணி அள்ளும்போது தரையில உங்க நிழல் தெரிஞ்சுதாக்கா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு யோசித்தார். "நிழலா... ஆமா, தெரிஞ்சுது. சட்டையோட நிழலும் என் நிழலும் சேர்ந்து ஓடுச்சு. அட, வெயிலும் இருந்துச்சே."

"காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்," என்று தம்பி குதித்தான்.

தாத்தாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். யாரும் தோற்கவில்லை. மஞ்சள் நூலையும் நீல நூலையும் சேர்த்துப் பிடித்துப் பின்னிவிடலாம் என்று குண்டூசி முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் யார் கைக்கும் அகப்படவில்லை. அன்றைக்குத் தெருவில் கடைகள் எல்லாம் அடைப்பு. சலவைக் கடை அக்கா தோள்வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு தூங்கிவிட்டார். பழத்தாத்தா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தம்பி மேல்வீட்டில் உட்கார்ந்து பொம்மைப்படம் பார்த்தான். இடியே விழுந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ஞாயித்துக்கிழமையா? வீட்டுக்குள்ளயே இருந்துட்டேன்மா."

ஆறு நாளையும் பின்னி முடித்தாள். ஏழாவது நாளுக்கு வந்ததும் ஊசி நின்றது. ஜன்னல் கம்பியில் கட்டிய நூல்துண்டுகள் நாளுக்கு நாள் கூடின. ஒரு நாள்தானே, போனால் போகிறது என்று தம்பி சொன்னான். அப்பாவும் சொன்னார். ஆனால் அந்த ஒரு நாள் குண்டூசிக்குச் செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி இருந்தது.

ஒருநாள் மாலை அம்மாவின் அழைப்பு வந்தது. வழக்கம்போல் தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். அம்மா பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், பசி எடுக்கிறதா என்று கேட்டார். குண்டூசி எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். அவளுடைய 'ம்' ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்கத் தெரிந்தவர் அம்மா.

"என்ன, குரலே சரியில்ல? இன்னும் உடம்பு முடியலையா?"

"அதெல்லாம் இல்லம்மா. காய்ச்சல் வந்த அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஞாபகமே இல்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இங்க யாருக்கும் தெரியல."



"எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "அன்னைக்கு நான் கூப்பிட்டேன். உன்னால பேச முடியல. அப்பா போனை உன் தலையணைகிட்ட வச்சாரு. நீ மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். திடீர்னு அது கேக்கவே இல்ல. உங்க ஜன்னல் மேல இருக்கிற தகரத்துல மழை அப்படி அடிச்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மழை விட்டப்புறம்தான் அப்பா போனை எடுத்து, பாப்பாவுக்கு நல்லா வேர்த்திருக்கு, காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு சொன்னாரு. நான் எப்படி மறப்பேன்?"

குண்டூசி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். தகரத்தில் மழை அடித்தது இப்போதுதான் அவருக்கும் ஞாபகம் வந்தது. வேர்த்திருந்த அந்த நெற்றியைத் தொட்டுப் பார்த்த சந்தோஷத்தில் மழையை மறந்தே போயிருந்தார்.

"மழைதானே? நல்லாத் தெரியுமாம்மா?" என்று குண்டூசி இன்னொரு தடவை கேட்டாள்.

"கொட்டித் தீர்த்துச்சு. ஏன்டா கேக்கிற?"

"சும்மாதான்," என்றாள் குண்டூசி. அவள் குரல் லேசாகிவிட்டது. தம்பி பொத்திய கைக்குள்ளேயே கிக்கிக்கென்று சிரித்தான். இவனுக்குப் பல்வலி முற்றிவிட்டது போலிருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அம்மா அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

குண்டூசி நீல நூலை எடுத்தாள். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை.  பிறகு ஜன்னல் கம்பியிலிருந்து நூல்துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அந்த நாள்களையும் விறுவிறுவென்று பின்னிச் சேர்த்தாள்.

மழைக்காலம் நீலநீலமாக வந்துபோனது. மறுபடி பனி இறங்கி வெள்ளை எட்டிப்பார்த்தபோது அம்மா வந்து சேர்ந்தார். வாசலில் பெட்டியை வைப்பதற்குள் தம்பி ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டான். ஒரு வருடம் அடக்கியதை இன்னும் ஒரு நிமிடம் அடக்க அவனால் முடியவில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்து மஃப்ளரை விரித்தார். அது கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரை போனது. குளிர்காலத்திலிருந்து தொடங்கி, கோடையைக் கடந்து, விரலால் தடவிக்கொண்டே வந்தார். தம்பி கூடவே தவழ்ந்து வந்து, தன் பல் விழுந்த நாளைக் காட்டினான். குண்டூசி அதற்குப் பக்கத்திலேயே மஞ்சளும் நீலமும் முறுக்கிக் கிடந்த வரிசையைக் காட்டி, தாத்தா சண்டையைச் சொன்னாள். அடுத்தது சாம்பல். அதற்கடுத்த நீலத்தில் அம்மாவின் விரல் நின்றுவிட்டது.

"இது நான் சொன்ன மழை," என்றார் மெதுவாக.

"ஆமா. அந்த ஒண்ணு மட்டும் நீ பாத்த வானம்மா."

"பாக்கலடா. கேட்டேன்," என்று சொல்லி அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

மஃப்ளரை அம்மா கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். மீதி தரையில் கிடந்தது. அதில் தம்பி இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். நடுவில் அப்பாவையும் குண்டூசியையும் பிடித்துக் கட்டினார்கள். யாராவது ஒருவர் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் நான்கு பேரும் சேர்ந்துதான் எழுந்து போக வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு கதையாகப் பேசிப் பேசிப் பொழுது சாய்ந்துவிட்டது.

கடைசி நாளின் வரிசைகளைப் பின்ன உட்கார்ந்தபோதுதான் குண்டூசிக்கு நினைவு வந்தது. வெளியே இன்றைக்கு வெயிலா பனியா என்று அப்பாவைக் கேட்டாள், தம்பியைக் கேட்டாள், வீடு வந்து சேரும் அவசரத்தில் அண்ணாந்தே பார்க்காத அம்மாவையும் கேட்டாள். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.