அமீர் வரும்வரை

கோச்சி எங்கள் மூன்று பேரையும் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனபோது பகல் பன்னிரண்டு மணி. அந்த மலைநகரத்தில் அதை நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. முகில் மேடையில் ஏறி, பயணச்சீட்டு வாங்காத ஆளைப்போல வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது. எங்கோ ஒரு மரைமான் கத்தியது. ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை மூக்கில் அப்பிக்கொண்டது.

"மூச்ச இழுங்கடா தம்பிமாரே. இதுக்குத்தான் வெள்ளக்காரன் கடல் தாண்டி வாறான்" என்றார் அச்சிமுகம்மது.

கல்முனையில் அவருக்குப் புடவைக்கடை. ஆனால் புடவையைவிட அவர் அதிகம் விற்றது தன் வீரத்தைத்தான். அறுகம்பேயில் கடலலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன முதுகுப்பை அவர் கைக்கு வந்ததிலிருந்து ஊரில் ஒரே மலையேறி அவர்தான். சிறுத்தையின் கண்ணை இமைக்காமல் பார்த்தவர். அது வெட்கப்பட்டுப் போய்விட்டதாம். போன வருடம் சூறாவளி கடையின் கூரையைத் தூக்கியபோது, அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடியவரும் அவர்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருடைய மனைவி ஆயிஷா உம்மா.

இப்போது அவருக்குச் சிறுத்தையின் படம் ஒன்று தேவைப்பட்டது. வாலிபர் சங்கத்தில் 'கானகத்தில் நான்' என்று பேசப்போகிறார். படம் எடுக்க, கமராக்காரன் பெனடிக்கைக் கூட்டி வந்தார். அவன் கல்முனைக் கத்தோலிக்கன், என்னோடு படித்தவன். நான் வந்தது சிறுத்தைக்காக அல்ல.

என் தங்கை சுஹறாவின் கணவர், என் மச்சான் அப்துல் ஹமீட், எழுபத்தேழாம் ஆண்டு அச்சிமுகம்மதுவோடு இதே மலைக்கு வந்தார். திரும்பி வரவில்லை. ஒரு வெள்ளைக்காரச் சோடியோடு கோச்சி ஏறிப் போய்விட்டார், கையை அசைத்துவிட்டுத்தான் போனார் என்று அச்சிமுகம்மது ஊருக்குச் சொன்னார். ஊர் நம்பியது. ஊருக்கு முன்னால் நான் நம்பினேன். சுஹறாவின் சுவரிலிருந்த மச்சானின் போட்டோவைக் கழற்றி, ஓடுகாலிக்கு இங்கே ஆணி இல்லை என்று சொன்னவன் நான்தான்.

இரண்டு வருடம். தலாக் இல்லை, மவுத்து என்ற சாவுச் செய்தியும் இல்லை. விதவைக்குரிய இத்தா இருக்கவும் முடியாது, வாழவும் முடியாது. நான் புறப்படும்போது அவள் வாசலில் நின்று, அண்ணனான என்னிடம் சொன்னாள்: "காக்கா, அவரு கடைசியா நிண்ட இடத்தப் பாத்துட்டு வாங்க. எனக்கு அது மட்டும் காணும்."

நிலையத்துக்கு எதிரே ஒரு சிங்களவரின் தேநீர்க்கடை. கடைக்காரர் அச்சிமுகம்மதுவைக் கண்டதும் உடைந்த தமிழில் கேட்டார்: "மாத்தயா, போன முறை ரெண்டு ஆள் மேல போனது. ஒரு ஆள்தானே கீழ வந்தது?"

"அது வேற ஆளா இரிக்கும்" என்றார் அச்சிமுகம்மது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கடைக்குப் பின்னால் ளுஹர், அஸர் என்ற பகல் தொழுகைகள் இரண்டையும் சேர்த்துத் தொழுதோம். பயணம் போகிறவர்கள் ஒருவரை அமீராக, அதாவது தலைவராக, வைத்துக்கொண்டு அவர் சொல்லைக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். அச்சிமுகம்மது கேட்காமலே அமீராகிவிடுவார். இரண்டு பேர் போன பயணத்துக்கும் அமீராக இருந்தவர் அல்லவா. அமீர் என்றால் தொழுகை நடத்தும் இமாமும் அவரே. பின்பற்றித் தொழ நான் ஒருவன்தான் என்பதால் அவருடைய வலப்பக்கத்தில், அரையடி பின்னே நின்றேன். இன்னொருவர் வந்து சேர்ந்தால் என் தோளைத் தட்டுவார். நான் பின்னுக்கு வருவேன். இரண்டு பேரும் இமாமுக்குப் பின்னால் ஒரு வரிசையாவோம். ஐந்து வயதிலிருந்து பழகியது. காலுக்குத் தானாகத் தெரியும்.

காட்டுக்குள் நுழைந்தோம். மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர மனமில்லாமல் முறுகி நின்றன. கிளை எல்லாம் பாசி தாடி வைத்திருந்தது. மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்றைப் பெனடிக் படம் எடுத்தான். மந்திகள் எங்களைப் பார்த்து இருமின. அட்டைகள் காலில் ஏறின. அமீர் முன்னே நடந்துகொண்டே, போன தடவை விட்ட கதைகளை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே வேறு பாதை எடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான்கு மணிக்கு முகில் இறங்கியது. ஐந்து மணிக்குப் பாதை காணாமல் போனது.

"வழி தெரியுமா, அமீர்?" என்று பெனடிக் கேட்டான்.

"எனக்கிட்டயா கேக்கிறாய்? இந்தக் காடு எண்ட கொல்லைப்புறம் மாதிரி."

ஒரு மணி நேரம் கொல்லைப்புறத்தில் சுற்றினோம். முகில் கொஞ்சம் விலகியபோது, புல் முளைத்த சிறு வெளி ஒன்று தெரிந்தது. அதன் ஓரத்தில் குடை கவிழ்த்ததுபோல ஒரு கற்பாறை.

அச்சிமுகம்மது நின்றுவிட்டார்.

"இங்க வேணாம். நடங்க."

"மஃரிப் வக்து வந்திட்டு" என்றேன், இருட்டத் தொடங்கிய வானத்தைக் காட்டி. "தொழுதிட்டுப் போவம்."

"வேணாம் எண்டு செல்றனே!"

"பயமா, காக்கா? சிறுத்தையா?" என்றான் பெனடிக். அமீரைத் தொழ வைக்க அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அவர் பையைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னே போய் நின்றார். பெனடிக் மரத்தில் சாய்ந்து, காலிலிருந்த அட்டைகளுக்கு உப்புத் தடவத் தொடங்கினான்.

நான் அவருடைய வலப்பக்கத்தில் நின்றேன். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினோம். அவருடைய ஓதல் கடையில் புடவை கிழிப்பதுபோல வேகமாக ஓடியது. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை. மந்தி, பூச்சி, காற்று எல்லாம் ஒன்றாக அடங்கியிருந்தன.

யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

மெதுவாக, மரியாதையாக, பள்ளிவாசலுக்குப் பிந்தி வந்தவர் தட்டுவதுபோல.

என் கால் தானாகப் பின்னுக்கு வந்தது. என் இடப்பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். தோளோடு தோள் ஒட்டியது. ஈரத் துணியின் குளிர் என் சட்டைக்குள் ஊறியது. பாசி வாசனை.

அதன் பிறகுதான் நினைவு வந்தது.

பெனடிக் தொழமாட்டான்.

அச்சிமுகம்மது பாத்திஹாவை முடித்தார். நான் "ஆமீன்" என்றேன். பக்கத்திலிருந்தும் ஓர் ஆமீன் வந்தது. நீளமாக, கடைசியில் லேசாக நடுங்கி இறங்கும் ஆமீன். கல்முனைப் பள்ளிவாசலில் சிறுவர்கள் அதைக் கேட்டுச் சிரித்து அடி வாங்குவார்கள். அப்படி ஆமீன் சொல்ல ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

இமாமின் ஓதல் நின்றது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை. தொழுகையை முறித்தார். சாரனைத் தூக்கிப் பிடித்தார். சிறுத்தையை வெட்கப்படுத்திய மனிதர், முதுகுப்பையைக்கூட மறந்து முகிலுக்குள் ஓடினார்.

நான் ஓடவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓடுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். எனக்கு அதுவும் இருக்கவில்லை. தொழுகை ஒன்றுதான் தெரிந்தது, அதைத் தொடர்ந்தேன். குனிந்தேன். பக்கத்திலும் குனிந்தது. ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது என் கைக்குப் பக்கத்தில் ஒரு கை இருந்தது. நகங்களுக்குள் பச்சையாகப் பாசி.

மூன்று சுற்று, மூன்று ரக்அத். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான மஃரிப் இல்லை.

வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தேன். அங்கே காடு.

இடப்பக்கம் திரும்பியாக வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு திரும்பினேன்.

"மச்சான்" என்றது ஒரு குரல், காதுக்கு மிக அருகில். "அமீர் போயிட்டாரா?"

நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடினேன்.

"கால் முறிஞ்சி போச்சி எனக்கு. ஆளக் கூட்டிட்டு வாறன், நான் வரும் வரைக்கும் இவடத்த உட்டு அசையப்படாது எண்டு செல்லிட்டுப் போனாரு. நான் அசையல்ல, மச்சான்."

கண்ணைத் திறந்தேன். குளிரில் என் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அந்தக் குரல் வந்த இடத்தில் புகை இல்லை. ஆளும் இல்லை. புல்லில் இரண்டு முழங்கால் அழுந்திய பள்ளம் மட்டும் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

பெனடிக் டோர்ச் லைட்டோடு வந்தான்.

"அபுல் ஹஸன், நீங்க ரெண்டு பேர்தானே தொழுதீங்க?"

"ஓம்."

"அவரு ஓடின பொறகும் ரெண்டு பேர்தான் நிண்டீங்கடா."

பாறைக்கு அடியில் வெளிச்சம் அடித்தான். மச்சான் அங்கே இருந்தார். பாறையில் சாய்ந்து, காலை நீட்டி, வழி பார்த்து உட்கார்ந்த இருப்பிலேயே எலும்பாகியிருந்தார். இடுப்பிலே அகலமான பச்சை வார். கலியாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

விடிந்ததும் வழி தேடிக் கீழே இறங்கி வந்தபோது அச்சிமுகம்மது நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"ஆளக் கூட்டத்தான் வந்த, தம்பி. அல்லா மேல ஆணையா. இவடத்த வந்து சேரக்க கோச்சி நிண்டிச்சி..." தண்டவாளத்தைப் பார்த்தார். "ஏறிட்டன்."

"ஏன்?"

"வழி தவற உட்டது நான். ஊருக்குத் தெரிஞ்சா நாலு பேர் என்ன செல்லுவானுகள்?"

ஒரு மனிதனின் உயிருக்கு எதிரே தராசில் அவர் வைத்தது அந்த நாலு பேரின் சிரிப்பை. தராசு சரிந்த பக்கம் அவர் போயிருக்கிறார்.

பொலிசு வந்து எழுதிக்கொண்டு போனது. கூட வந்தவனை வழியில் விட்டுவிட்டுப் போவதற்குச் சட்டத்தில் பெயர் இல்லையாம். மச்சானை அந்த மலைநகரப் பள்ளிவாசல் நிலத்தில் அடக்கினோம். நான் பச்சை வாரோடு ஊருக்கு வந்தேன்.

சுஹறா அதை மடியில் வைத்து வெகுநேரம் தடவினாள்.

"அப்ப அவரு என்ன உட்டுட்டுப் போகல்ல."

"இல்ல, தங்கச்சி."

"நம்மதான் அவர உட்டுட்டம், காக்கா. போட்டோவக் கழட்டி."

மவுத்தாகி இரண்டு வருடம், இத்தாக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று பள்ளிவாசல் லெவ்வை சொன்னார். அவள் கேட்கவில்லை. வெள்ளை உடுத்து நான்கு மாதமும் பத்து நாளும் இருந்தாள். கணவன் இருந்தவள் என்று ஊருக்குக் காட்டவேண்டியிருந்தது அவளுக்கு.

அச்சிமுகம்மது ஊருக்கு வந்ததும் கதையைத் திருத்திக்கொண்டார். ஹமீட் தன் பேச்சைக் கேளாமல் தனியாகப் போய் விழுந்துவிட்டாராம். நானும் பெனடிக்கும் உண்மையைச் சொன்னோம். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அவர் கடையில்தான் புடவை வாங்கினார்கள்.

ஆனால் அவர் ஜமாஅத்தோடு தொழுவதை விட்டுவிட்டார். எல்லோரும் கலைந்த பிறகு வந்து, மூலையில் தனியாகத் தொழுவார். ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ளுஹருக்குப் பிறகு நான் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மண் கொதித்தது. கைகால் கழுவும் ஹவுளில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. அவர் தக்பீர் கட்டினார்.

சற்று நேரத்தில் அவருடைய தோள் துள்ளியது.

அதன் பிறகு ஒவ்வொரு தக்பீரையும் உரத்துச் சொல்லத் தொடங்கினார். தனியாகத் தொழுகிறவர் அப்படிச் சொல்வதில்லை. பின்பற்ற ஆள் இருக்கிற இமாம்தான் சொல்வார்.

முடிந்ததும் நான் கிட்டப் போனேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் ஐந்து விரல் அகலத்துக்கு ஈரம்.

"நீங்கதான் அமீர். போகச் செல்லுங்க அவர. நான் உட்டுட்டு வந்திட்டன், இனிக் காத்திருக்காத எண்டு ஒரு வார்த்த செல்லுங்க."

"ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தயத்தான் கேக்கிறாரு" என்று கிசுகிசுத்தார். பிறகு பள்ளிக்குள் இருந்த இரண்டொரு பேரை ஓரக்கண்ணால் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எப்பிடித் தம்பி செல்ற? செல்லிட்டா நான் உட்டுட்டு வந்த எண்டாயிருமே."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

நான் பாயைப் பார்த்தேன். அவர் நின்ற இடத்துக்கு வலப்பக்கத்தில், அரையடி பின்னே, காய்ந்த பாயில் இரண்டு ஈரக் காலடிகள். விரலிடுக்கில் பாசித் துணுக்கு. ஒன்று தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நேராக இருந்தது.

மற்றது முறிந்து, வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.