புகையரசனுக்கு இரண்டு குரல்

“குரல் வேற. நல்லாக் கேளு.”

“அதே குரல்தான்க்கா.”

“இல்லடா. நேத்துப் பேசுன புகையரசன் வேற, இன்னைக்குப் பேசுறவன் வேற. புகைக்குள்ள ஆளு மாறிட்டான்.”

“புகைக்குள்ள ஏதுக்கா ஆளு? வெறும் புகைதான இருக்கு?”

ஜானு ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். டிவியில் ஒரு பெரிய கரும்புகை, ஒரு கிரகத்தின் மேல் கவிந்தபடி அப்படியே நின்றது. கண் இல்லை, மூக்கு இல்லை. புகையரசனுக்கு இருப்பதெல்லாம் குரல் மட்டும்தான்.

ஜானுவின் சித்தி மகன் கிரிதர் மேலூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பிப் போய்விடுவான். அதற்குள், தமிழ் டப்பிங்கில் வந்த ‘சாம்பல் நிலா’ படங்கள் ஆறையும் கதை நடக்கும் வரிசையில் பார்த்து முடிப்பது என்று இருவரும் கை அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

அவர்கள் ஏற்கெனவே பார்த்த படங்கள்தான். ஆனால் படங்கள் வெளிவந்த வரிசை வேறு, கதை நடக்கும் வரிசை வேறு. கடைசியாக வந்த இரண்டு படங்களில்தான் புகையரசன் எப்படிப் பிறந்தான் என்ற கதை வரும். அதனால் திங்களும் செவ்வாயும் அந்த இரண்டையும் பார்த்தார்கள். புதன்கிழமையான இன்று, முதன்முதலில் வெளிவந்த படத்துக்கு வந்திருந்தார்கள்.

“அக்கா, அங்க பாரு!” கிரிதர் ஜன்னலைக் காட்டினான்.

ஜன்னலுக்கு வெளியே மாடிப்படி தெரியும். அதன் உச்சிப்படியில் மாடி அறைக்காரர் நின்றிருந்தார்.

லட்சுமிநாராயணன் என்று பெயர். குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். கடையில் பால் வாங்கும்போதுகூட விரலைத்தான் காட்டுவார். எல்லாவற்றையும்விட விசித்திரம், மதுரையின் மே மாத வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார்.

“இம்புட்டு வெக்கையில மப்ளரா? உள்ள எதையோ ஒளிச்சு வச்சிருக்காரு” என்றான் கிரிதர்.

ஜானுவுக்கு வேறு கவலை. “சத்தம் அதிகமா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லப் போறாரு.”

இதற்கு முன் மாடியில் இருந்தவர்கள் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டார்கள். அம்மா ஹம்சவேணி அன்றே சொன்னார்: “இன்னொரு தடவை யாராச்சும் சத்தம்னு வந்து நின்னா, வைஃபை வயரைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிருவேன்.” அம்மா பள்ளி ஆசிரியை. சொன்னால் சொன்னதுதான். இப்போது தினமும் விடைத்தாள் திருத்தப் போய்விட்டு ஐந்தரை மணிக்குத்தான் வருவார்.

வயர் போனால் ஆறு படம் எங்கே முடிவது? கிரிதரும் அடுத்த விடுமுறைக்குத்தான் வருவான்.

ஜானு டிவி சத்தத்தை முப்பதிலிருந்து இருபதுக்குக் குறைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. நான்காவது படம். புகையரசன் பேசத் தொடங்கியதும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இந்த முறை அவர் பாதிப்படி வரை இறங்கி வந்திருந்தார்.

“கிட்ட வாராரு” என்று கிசுகிசுத்தான் கிரிதர்.

“வேவு பாக்குறாரு.”

“அக்கா, கவனிச்சியா? ராணி பாட்டுப் பாடுனா மேல போயிருறாரு. புகையரசன் வந்தா இறங்கி வந்துர்றாரு. புகையரசனோட ஆளா இருக்குமோ?”

“லூசு மாதிரிப் பேசாத” என்றாள் ஜானு. ஆனாலும் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தாள். சத்தத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தாள். இருவரும் டிவிக்கு ஒரு முழ தூரத்தில் நெருங்கி உட்கார்ந்து பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது படம். சத்தம் பன்னிரண்டு. அவர் கடைசிப்படிக்கே வந்துவிட்டார். ஜன்னல் கம்பிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு துளசித்தொட்டிதான் இருந்தது.

கிரிதர் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். “அக்கா, வாய் அசையுது! மந்திரம் போடுறாரு!”

ஜானு திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். சத்தமே இல்லாமல் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

திரையில் புகையரசன் விண்கப்பலைச் சூழ்ந்துகொண்டிருந்தான். இனி வரப்போவது ஜானுவுக்கு மனப்பாடமான வசனம். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சட்டென்று டிவியின் சத்தத்தை முழுவதும் நிறுத்தினாள்.

வீடு அமைதியாகிவிட்டது. திரையில் புகை சுழன்றது. ஜானு ஜன்னலையே பார்த்தாள்.

‘விளக்குகளை அணைத்துவிட்டாய்’ என்றன அவர் உதடுகள். ‘இருட்டை எப்படி அணைப்பாய், சிறுமியே?’

ஒரு சொல்கூடப் பிசகவில்லை. சிறுமியே என்பதற்கு முன்னால் புகையரசன் விடும் அந்தச் சின்ன இடைவெளிகூட அப்படியே இருந்தது.

“டேய், வெளிய வா” என்றாள் ஜானு மெதுவாக. “முதல் ரெண்டு நாள் இவரு வந்தாரா?”

“வரல.”

“மூணாம் நாளுதான் குரல் மாறுச்சு. அன்னைக்குத்தான் வந்தாரு. அன்னைக்கு நாம சத்தத்தைக் குறைச்சோம், மறுநாள் இறங்கி வந்தாரு. இன்னும் குறைச்சோம், இன்னும் இறங்கி வந்தாரு. சத்தம் புடிக்காதவரு எதுக்குடா கிட்ட வாராரு?”

கிரிதர் யோசித்தான். “காது கேக்கலையோ?”

“கேக்கணும்னுதான் வாராரு.”

ஜானு கதவைத் திறந்தாள். அவர் திடுக்கிட்டு ஒரு படி மேலே ஏறினார், திருடும்போது பிடிபட்டவர் போல.

“அங்கிள்,” என்றாள் ஜானு. “புகையரசனுக்குத் தமிழ்ல பேசுனது நீங்களா?”

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நான்கு விரல்களைக் காட்டினார். முதலில் வந்த நான்கு படங்கள்.

“அப்ப, கடைசியா வந்த ரெண்டுல?” என்று ஜானுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான் கிரிதர்.

அவர் மப்ளரைக் கொஞ்சம் தளர்த்தினார். தொண்டையில் குறுக்காக ஒரு தையல் தழும்பு. அதைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை விரித்தார். அந்த இரண்டு படங்களுக்கு முன்னால் ஆபரேஷன் நடந்துவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

கிரிதர் ஜானுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். அப்புறம், “நீங்க பேசுன புகையரசன்தான் அங்கிள் பயமா இருக்கான். அந்தப் புதுக் குரல்காரன் சும்மா இருமுற மாதிரிப் பேசுறான்” என்றான்.

அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள்கள் மட்டும் குலுங்கின.

“படியில நின்னா எப்படிக் கேக்கும்? உள்ள வாங்க அங்கிள்” என்று ஜானு நாற்காலியை இழுத்து டிவிக்கு நேராகப் போட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கிரிதர் அவருக்குப் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டுக்கொண்டான். ஜானு படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி, பழைய பன்னிரண்டிலேயே சத்தத்தைத் திறந்தாள்.

‘விளக்குகளை...’ என்று புகையரசன் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிறீச்சிட்டது. விடைத்தாள் வேலை சீக்கிரம் முடிந்து, அம்மா வந்து நின்றார். அம்மாவின் பார்வை நாற்காலிக்குப் போனது. அங்கிருந்து டிவிக்குப் போனது. அங்கிருந்து ஜானுவிடம் வந்தபோது அதில் வெயில் ஏறியிருந்தது.

“சத்தம்னு சொல்ல இறங்கி வந்தீங்களாண்ணே? மன்னிச்சுக்கங்க. இதுககிட்ட எம்புட்டுத் தடவை சொல்லிட்டேன்!” கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மா நேராக வைஃபை பெட்டியிடம் போய் வயரைப் பிடித்தார்.

“அம்மா, அவரு அதுக்கு வரல!”

“பெரியம்மா, இவருதான் புகையரசன்!”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க.”

மாடி அறைக்காரர் எழுந்து நின்றார். கையை உயர்த்தினார். அம்மா வயரைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். அவர் மப்ளரின் மேல் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்தார். காய்ந்த இலை தரையில் உரசுவது போல ஒரு குரல் வந்தது. பத்து நாளில் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல்.

“சத்தம் பத்தலம்மா. கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்றீங்களா?”