கொளஞ்சியப்பன் போட்ட நோ-பால்

“உங்க பவுலர் கொளஞ்சியப்பனுக்குக் கை வேணுமா... வேணாமா?”

போனில் ஒரு முரட்டுக் குரல் அப்படிக் கேட்டபோது, உமைரா ஒரு விக்கெட் கீப்பருக்கு மீசை தீட்டிக்கொண்டிருந்தாள்.

பீங்கான் விக்கெட் கீப்பர். சாண் உயரம். விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கொலுவுக்குச் செய்து விற்கும் கிரிக்கெட் செட்!

“யா... யாருங்க?”

“அன்புச்செல்வன். வேப்பூர் தாண்டி வந்துகிட்டே இருக்கேன். கம்பி வண்டியிலதான் இருக்குது!”

போன் கட்டானது.

பிரஷ் நழுவியது. கீப்பரின் மீசை காது வரைக்கும் போனது!



கத்தாரில் வேலை பார்க்கும் புருஷன் சஹீருக்குக் கிரிக்கெட் என்றால் பைத்தியம். அவனோடு போனில் பேச அவளுக்கு வெட்கம். விளையாட வெட்கமில்லை! தினமும் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை மேஜையில் பொம்மைகளை நிறுத்துவாள். லூடோ கட்டையை உருட்டுவாள். விழுந்ததுதான் ரன். ஐந்து விழுந்தால் அவுட். ஊர்ப் பையன்கள் மேட்ச்சுக்கு ஸ்கோர் போடுகிற செல்போன் ஆப்பில் அதை ஏற்றுவாள். அவன் அங்கிருந்து பார்ப்பான்.

பொம்மைகளுக்குப் பேர் வேண்டுமே? ஆண்டாள், கொளஞ்சியப்பன் என்று பட்டறை ஆட்களின் பேரையே வைத்துவிட்டாள்.

நட்சத்திரப் பவுலர் கொளஞ்சியப்பன்... நிஜத்தில் சூளை பார்க்கிறவர். இந்த நிமிடம் அவள் எதிரே கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அண்ணே... உங்க கைய ஒடைக்க ஆளு வருது.”

“எந்தக் கைய?”

“பவுலிங் போடுற கைய.”

“நான் எப்பம்மா பவுலிங் போட்டேன்?”

“நேத்து மூணு விக்கெட்டுண்ணே!”

கொளஞ்சியப்பன் முகம் மலர்ந்தது. “நெசமாவா? யாரு யார எடுத்தேன்?”

வாசலில் கார் ஒன்று கிறீச்சிட்டது!

ஆறடி உயரம். கையில் இரும்புக் கம்பி. அன்புச்செல்வன்!

“எவன்டா கொளஞ்சியப்பன்?”

“நாந்தாங்க.”

அன்புச்செல்வன் அவருடைய தொப்பையைப் பார்த்தான். வாயிலிருந்த கருவாட்டைப் பார்த்தான்.

“ஸ்பின்னா?” என்றான் சந்தேகமாக.

உமைரா மேஜை மேல் நின்ற பொம்மையைக் காட்டினாள். “பவுலரு... இவருங்க.”

கம்பி தாழ்ந்தது.

“பொம்மையா? என் கார அடமானம் வெச்சு பொம்ம மேலயா கட்டியிருக்கேன்?”

“இதுல எப்படிங்க பந்தயம்...?”

“ஒரு டேட்டா கருவி இருக்குதும்மா. எங்க மேட்ச் நடந்தாலும் ஸ்கோர உறிஞ்சிடும். இதோட அது, அதோட இதுன்னு பந்தயத்த ரெடிமேடா சேத்து ஏஐ ஏஜென்ட்டுங்களுக்குக் குடுக்கும். ஓட்டல்ல இட்லி, வட, பொங்கல்னு செட்டா வெக்கறாங்கல்ல, அப்படி! என் போன்ல இருக்குற ஏஜென்ட்டு அத வாங்கி அதுவே கட்டிடும்.”

“என்னா செட்டு கட்டுச்சுங்க?”

“பெண்ணாடம் டீமு டாஸ் ஜெயிக்கும். ஆண்டாள் சிக்ஸர் அடிப்பா. கடைசி ஓவர்ல கொளஞ்சியப்பனுக்கு விக்கெட் கெடையாது. மொத ரெண்டும் நடந்துருச்சு. இன்னும் ஒரே பந்து!”

அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் வந்தான் சஹீர்.

“புள்ள! நேத்து ஒரு பந்து பாக்கியில நின்னுபோச்சே... உருட்டு, உருட்டு!”

அன்புச்செல்வன் கொளஞ்சியப்பனின் வலது மணிக்கட்டை மேஜையில் அழுத்தினான். கம்பியை ஓங்கினான்.

“விக்கெட் விழுந்துச்சு... நெசக் கை போயிரும்!” என்று கிசுகிசுத்தான்.

உமைரா கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள்.

கட்டை உருண்டது... பெயின்ட் டப்பாவில் மோதியது... நின்றது.

ஐந்து!

“அவுட்டு!” என்று கத்தாரில் குதித்தான் சஹீர்.

“அவுட்டு!” என்று குதித்தார் கொளஞ்சியப்பன், தன் கை எங்கே இருக்கிறது என்பதை மறந்து!

கம்பி இறங்கப் போனது...

உமைரா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினாள்.

“நோ-பாலு!!”

ஆப்பில் அழுத்தியும் விட்டாள்.

“என்னா புள்ள அநியாயம்? பீடத்தோட ஒட்டுன பொம்ம எப்படிக் கோட்டத் தாண்டும்?”

“நீங்க சும்மா இருங்க மச்சான்!”

கொளஞ்சியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நானாம்மா நோ-பால் போடுற ஆளு? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

“அண்ணே... கை!”

“ஆங்... போட்டேன், போட்டேன். லேசா தாண்டிட்டேன்.”

மறுபடி உருட்டினாள். இரண்டு! மேட்ச் முடிந்தது. விக்கெட் இல்லை.

அன்புச்செல்வன் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு கடகடவென்று சிரித்தான்.

அவன் போன் சிணுங்கியது. ஏஜென்ட்டின் தேன் குரல்!

“வருந்துகிறேன் சார். நான் தேடிக் கொடுத்த முகவரிக்கு நீங்களே போய் பவுலருடன் இருப்பதை லொகேஷனில் பார்த்தேன். பவுலர் நம்ம ஆள், சொன்னால் விக்கெட் எடுப்பார், அதற்குத்தான் பணமும் அதிகம் என்று புரிந்துகொண்டேன். உடனே பழைய செட்டை ரத்து செய்தேன். கடைசி ஓவரில் கொளஞ்சியப்பன் விக்கெட் எடுப்பார் என்ற செட்டில் எல்லாவற்றையும் கட்டினேன். எல்லாம் போய்விட்டது.”



கொளஞ்சியப்பனுக்கே பாவமாகிவிட்டது. “ஏம்மா... மொத விழுந்த அஞ்ச வேணா சேத்துக்கலாமா?”

“அது நோ-பாலுண்ணே. ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்.”

அன்புச்செல்வன் கம்பியைப் பூப்போல மேஜையில் வைத்தான். வாசலில் நின்ற காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

அம்பயர் கை தூக்காமலேயே அவுட்டாகிப் போன ஆள், விருத்தாசலத்தில் அவன் ஒருத்தன்தான்!